பேரூர் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரூர் கோயம்புத்தூரின் புறநகர்தானே? அதற்கென்று தனியாக என்ன வரலாறு?

இன்றைக்குப் புறநகர்தான். காந்திபுரத்திலோ உக்கடத்திலோ பஸ் ஏறினால் செல்வபுரம், தெலுங்குபாளையம் என்று வீடுகள் விட்டுப்போகாமல் வந்து, பேரூர் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. கல்வெட்டுக் காலத்தில் முறை தலைகீழ். அப்போது கோயம்புத்தூருக்கு முகவரி ‘பேரூர் நாட்டுக் கோவன்புத்தூர்’. நாட்டின் பெயர் பேரூரைக் கொண்டது. இன்றைய மாநகரம் அதற்குள் அடங்கிய ஓர் ஊர். பெயர்களே சாட்சி: பேரூர் என்றால் பெரிய ஊர், புத்தூர் என்றால் புதிதாக ஏற்பட்ட ஊர். பெரிய ஊர் எப்படிப் புறநகர் ஆயிற்று, புத்தூர் எப்படி நகரம் ஆயிற்று என்பதுதான் இங்கே கேட்கவேண்டிய கேள்வி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்.

‘நாடு’ என்றால் எவ்வளவு இடம்?

இன்றைய தாலுகா போல அளந்து கல் நட்ட எல்லை கிடையாது. ஒரே ஆற்றையோ ஓடையையோ நம்பிய ஊர்களின் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு மண்டலத்தில் இப்படி 24 நாடுகளை மரபு எண்ணும். பூந்துறை நாடு, காங்கய நாடு, ஆறை நாடு, வெங்கால நாடு எல்லாம் அந்த வரிசை. பேரூர் நாடு கல்வெட்டில் வரும் பெயர். பேரூர் நாட்டுக்கு முதுகெலும்பு நொய்யல். நாட்டு எல்லையை இன்றைய வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் படங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கோவன் என்ற இருளர் தலைவன் பெயரால்தான் கோவன்புத்தூர் வந்ததா? கோனியம்மனால் வந்ததா?

கோவன் என்ற தலைவன் காட்டைத் திருத்தி ஊர் அமைத்தான் என்பது செவிவழி மரபு. ஊரின் காவல் தெய்வமான கோனியம்மன் பெயரோடு சேர்ப்பது இன்னொரு மரபு. கல்வெட்டில் வரும் வடிவம் ‘கோவன்புத்தூர்’ என்பதால் முதல் விளக்கத்துக்கு எழுத்து ஆதாரம் கூடுதல். அந்தக் கோவன் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

இடைக்காலத்துக்கு முன்பே இங்கே ஆள் இருந்தார்களா?

இருந்தார்கள், போக்குவரத்தும் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். மேலைக் கடற்கரையில் இறங்கிய சரக்கு அந்த வழியாகத்தான் காவிரிப் பக்கம் போகமுடியும். பேரூருக்குக் கிழக்கே, இன்னொரு புறநகரான வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அதன் பிறகும் அங்கே பலமுறை காசுகள் கிடைத்தன. மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர்களில் பேரூரும் உண்டு.

பெருவழியை, அதாவது அந்தக் காலத்து நெடுஞ்சாலையை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சுண்டக்காமுத்தூரை அடுத்த அறிவொளி நகர்ப் பக்கம் உள்ள பாறைக் கல்வெட்டுக்குப் போகலாம். ‘இராசகேசரிப் பெருவழி’ என்று சாலைக்குப் பெயர் சொல்லி, ஒரு வெண்பாவையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வட்டெழுத்திலும் (தமிழை எழுதிய இன்னொரு பழைய எழுத்துமுறை) தமிழ் எழுத்திலும். இரண்டு எழுத்து எதற்கு? வழிப்போக்கர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள் என்பதுதான் பொருத்தமான காரணம். முதலாம் ஆதித்த சோழன் காலம் (9-ஆம் நூற்றாண்டின் இறுதி) என்பது பொதுவான கருத்து.

பேரூர் தேவாரப் பாடல் பெற்ற தலமா?

இல்லை, வைப்புத்தலம். அதாவது தனிப்பதிகம் கிடையாது. வேறு ஊர்ப் பதிகத்தின் நடுவே பெயர் வருகிறது. கொங்கில் பாடல் பெற்றவை ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, கொடுமுடி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாக்கூடல். ஆட்டோக்காரர் முதல் அழைப்பிதழ் அச்சிடுபவர் வரை பேரூரையும் இதில் சேர்ப்பார்கள். பக்தியில் தவறில்லை, பட்டியலில் தவறு.

ஆனால் அந்த ஒற்றை வரியின் மதிப்பு தனிப்பதிகத்துக்குக் குறைந்ததல்ல. சுந்தரர் ‘மீகொங்கில் அணி காஞ்சிவாய்ப் பேரூர்’ என்கிறார். மூன்று செய்திகள் அதில் உள்ளன: இது மேல்கொங்கு, ஆற்றின் பெயர் காஞ்சி, ஊரின் பெயர் அப்போதே பேரூர். நொய்யல் என்ற பெயர் பிந்தையது. பழைய எழுத்தில் ‘காஞ்சி’ என்று பார்த்ததும் தொண்டை நாட்டுக் காஞ்சிபுரத்துக்குப் போய்விடாதீர்கள்.

பட்டீசுவரர் கோயிலைக் கட்டியது கரிகாலனா?

நொய்யல் கரையில் கரிகாலன் 36 கோயில் கட்டினான், அதில் ஒன்று பேரூர் என்று ஊரில் சொல்வார்கள். கரிகாலன் சங்க காலத்தவன். அவன் காலத்துக் கல் எழுத்து இங்கே இல்லை. இப்போது நிற்கும் கட்டடத்தை அடுக்கு அடுக்காகப் பார்ப்பதுதான் சரி. கருவறை, அர்த்தமண்டபப் பக்கம் கொங்குச் சோழர் கால வேலை. முன்பக்கக் கனகசபை (நடராசர் மண்டபம்) 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் வேலை. கோபுரச் சுதையும் வண்ணமும் ஒவ்வொரு குடமுழுக்குக்கும் மாறுபவை. அவற்றை வைத்துக் காலம் சொல்லவே கூடாது.

அடுக்கைப் பிரிக்க எளிய வழி தூணின் தலைப்பகுதியைப் பார்ப்பது. சோழர் காலப் போதிகை அடக்கமாக, சாய்வாக வெட்டியிருக்கும். நாயக்கர் காலப் போதிகையிலிருந்து தாமரை மொட்டு கீழ்நோக்கித் தொங்கும். உள்ளே போகப் போகக் காலம் பின்னால் போவதை ஒரு சுற்றிலேயே உணரலாம்.

கொங்குச் சோழர் என்பவர்கள் தஞ்சைச் சோழர்தானா?

வேறு மரபு, தஞ்சைக்கு அடங்கித் தொடங்கி, பின் தனியாக ஆண்டவர்கள். பட்டப்பெயர்களை மட்டும் தஞ்சையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பேரூர்க் கல்வெட்டில் ‘வீரராசேந்திரன்’ என்று இருந்தால், அது 1063-ல் அரியணை ஏறிய தஞ்சை மரபு வீரராசேந்திரன் அல்ல. 1207 முதல் 1256 வரை கொங்கை ஆண்டவன். ஏறத்தாழ 150 ஆண்டு வித்தியாசம். உள்ளூர் விழா மலர்களில் ‘ஆயிரம் ஆண்டுப் பழைமை’ என்று வரும் வரிகளில் பல, இந்தப் பெயர் மயக்கத்தில் விளைந்தவை. ‘விக்கிரம சோழன்’, ‘குலோத்துங்கன்’ என்ற பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அவர்களுக்குப் பின் பாண்டியர், போசளர், விசயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என்று கை மாறி 1799-ல் ஆங்கிலேயரிடம் போனது.

கல்வெட்டில் ‘யாண்டு 15’ என்றால் கி.பி.யில் எந்த ஆண்டு?

அரசன் பட்டமேறிய ஆண்டோடு 15-ஐக் கூட்டி ஒன்றைக் கழிக்கவேண்டும், ஏனென்றால் பட்டமேறிய ஆண்டே முதலாவது. வீரராசேந்திரனுக்கு 1207 + 15 − 1 = 1221. ஆட்சியாண்டு சித்திரையிலும் சனவரியிலும் தொடங்காது. பட்டமேறிய நாளில் தொடங்கும். அதனால் 1221–22 என்று எழுதுவது பாதுகாப்பு. ஒன்றைக் கழிக்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

சக ஆண்டு இருந்தால் 78 கூட்டுங்கள். கலியாண்டு இருந்தால் 3101 கழியுங்கள். கொல்லம் ஆண்டு, மேற்கே போனால் வரும். அதற்கு 824 அல்லது 825 கூட்டுங்கள், மாதத்தைப் பொறுத்து. ‘குரோதி வருடம்’ என்பது போல அறுபது ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்: குரோதி 1904-லும் வந்தது, 1964-லும் வந்தது, 2024-லும் வந்தது. அரசன் பெயரோ எழுத்தமைதியோ (எழுத்தின் வடிவம்) துணைக்கு வேண்டும். இரண்டு ஆண்டுக் கணக்கு ஒரே கல்லில் இருந்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் எண்ணைச் சரியாகப் படித்தோமா என்று பாருங்கள். தமிழ் எண் ௧ என்பது எழுத்து ‘க’ போலவே இருக்கும், ௭ என்பது ‘எ’ போலவே இருக்கும். தேய்ந்த கல்லில் ஏமாற்றாமல் விடாது.

அந்தக் கல்வெட்டுகள் என்னதான் சொல்கின்றன? போர், வெற்றி எல்லாம் இருக்கிறதா?

போரை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். கொங்குக் கோயில்களில் பெரும்பாலான கல்வெட்டுகள் விளக்குக் கணக்கு. சந்தியா தீபம் ஒன்று எரிக்க ஒருவர் இத்தனை ‘பழஞ்சலாகை அச்சு’ கொடுத்தார், அதைக் கோயில் காணியுடைய (பரம்பரை உரிமையுள்ள) சிவப்பிராமணர் கைக்கொண்டார்கள், சந்திராதித்தர் (நிலவும் சூரியனும்) உள்ளவரை எரிப்பார்கள் என்று முடியும். அச்சு என்பது காசு. முதல் தொகையைத் தொடாமல் வட்டியில் எண்ணெய் வாங்குவது ஏற்பாடு. கொடுத்தவர் எந்த ஊர், எந்தக் குலம் என்று எழுதியிருப்பதால் அன்றைக்கு யார் யார் இங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

அரசாணை என்று எடுத்தால் கம்மாளர் (கொல்லர், தச்சர், சிற்பி போன்ற கைவினைஞர்) கல்வெட்டைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ‘கோனேரின்மைகொண்டான்’ என்ற பட்டத்தோடு தொடங்கும் இந்த ஆணை, கரூர்க் கோயிலிலும் பேரூரிலும் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் உள்ளது. கம்மாளர்கள் இனித் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது சாரம். அனுமதி கொடுத்ததைப் பெருமையாகப் படிக்கிறோம். அதற்கு முந்திய நாள் வரை, கோயிலையே செதுக்கிக் கொடுத்தவர்கள் செருப்புப் போட அரசன் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்றும் அதே கல் சொல்கிறது.

நொய்யல் அணைகளும் குளங்களும் எப்படி வேலை செய்தன?

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேரும். மழை பெய்தால் இரண்டு நாளில் பெருகி, நாலாவது நாள் மணலாகிவிடும் ஆறு. இப்படிப்பட்ட ஆற்றைப் பெரிய அணை கட்டித் தேக்குவது அந்தக் காலத்தில் முடியாத காரியம். அதனால் தாழ்ந்த கல்லணைகளை வரிசையாகக் கட்டி, வெள்ளத்தைத் தடுக்காமல் பக்கவாட்டில் திருப்பினார்கள். அணையின் ஓரத்தில் மதகு, அதிலிருந்து ராஜவாய்க்கால், வாய்க்காலில் மணி கோத்தது போலக் குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு (மிகைநீர் வழியும் இடம்) வழியாக அடுத்த குளத்துக்கு. கடைசிக் குளத்தின் மிச்சம் மறுபடி ஆற்றுக்கு. அடுத்த அணை அதைப் பிடித்துக்கொள்ளும்.

மேலேயிருந்து வந்தால் முதலில் சித்திரைச்சாவடி அணை. அதன் வாய்க்காலில் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் (குமாரசாமி குளம்). அடுத்து குனியமுத்தூர் அணை; பேரூர்ப் பெரியகுளம், செங்குளம் இதன் வழியில். பிறகு கோயம்புத்தூர் அணை. செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். அதன் பின் குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று போகும். வரிசையைக் கவனியுங்கள்: நகரத்தின் குளங்களுக்கு நீர் பேரூரைத் தாண்டித்தான் போகவேண்டும். மேல்மடைக்காரன் கை ஓங்கியிருந்த ஏற்பாடு இது. நாட்டுக்குப் பேரூர் பெயர் வந்ததற்கு கோயில் பாதிக் காரணம் என்றால் இந்த இருப்பு மீதிப் பாதி.

மேல்மடை, கீழ்மடைச் சண்டை புதிதல்ல என்பதற்கும் பேரூரில் கல் இருக்கிறது. தேவிசிறை என்ற அணையைக் கட்டும்போது, முன்பே இருந்த கோளூர் அணைக்குக் கேடு வராமல் கட்டவேண்டும் என்ற நிபந்தனை கொங்குச் சோழர் காலக் கல்வெட்டில் வருகிறது. ‘சிறை’ என்றால் இங்கே அணை, நீரைச் சிறைப்படுத்துவது.

அந்த ஏற்பாடு இப்போது ஏன் சரியாக நடப்பதில்லை?

எங்கே பழுதாகிறது என்று தலையிலிருந்து வருவோம். அணையின் முகத்தில் மணலும் வண்டலும் படியும். மதகு உயரத்துக்கு மண் ஏறிவிட்டால், ஆற்றில் நீர் போனாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. முன்பு பங்குனி, சித்திரையில் ஊர் கூடிக் குடிமராமத்தில் தூர்வாரி, வண்டலை வண்டி கட்டித் தோட்டத்துக்கு ஓட்டினார்கள். உரமும் ஆயிற்று, தூரும் போயிற்று. ரசாயன உரம் வந்ததும் வண்டலுக்குத் தேவை குறைந்தது, வேலையும் நின்றது.

அடுத்தது வாய்க்கால். வயல் மனையானதும் வாய்க்காலைச் சாக்கடையாக எண்ணிக் குறுக்கிவிடுகிறார்கள். நடுவில் ஒரு சிறுபாலத்தைக் குறுகலாகக் கட்டினால் போதும், அதற்குக் கீழே உள்ள குளங்கள் எல்லாம் அந்த அளவுதான் நீர் பெறும்.

மூன்றாவது கழிவுநீர். இது பலருக்குப் புரியாத இடம். குளம் ஆண்டு முழுதும் நிறைந்திருக்கிறதே, நல்லதுதானே என்பார்கள். ஆனிக்கு முன் குளம் காலியாக இருந்தால்தான் ஆடி வெள்ளத்தை வாங்கும். கழிவுநீரால் ஏற்கெனவே நிறைந்த குளம் முதல் மழையிலேயே கலிங்கு தாண்டித் தாழ்வான தெருவில் இறங்கும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் வெயில் இறங்காது, அடியில் சேறு புளிக்கும், கலிங்குக் கண்ணும் அடைபடும். ஆகவே தாமரையை மட்டும் அள்ளிப் போட்டுப் படம் எடுத்தால் ஆறு மாதத்தில் மறுபடி வரும். உள்ளே வரும் கழிவை மறிக்கவேண்டும்.

கனகசபை யார் கட்டியது? அதில் என்ன பார்க்கவேண்டும்?

மதுரைத் திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அவர் தம்பி அளகாத்ரி நாயக்கர் எடுப்பித்தது. 36 தூண்கள். முன்வரிசைத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேல் சிற்பங்கள்: அக்கினி வீரபத்திரர், அகோர வீரபத்திரர், யானையுரித்த மூர்த்தி, ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, பிட்சாடனர், முருகன், கணபதி. மேலே அண்ணாந்து பாருங்கள்; விதானத்தில் கல்தாமரை, அதைச் சுற்றி ஒரே கல்லில் வெட்டிய சங்கிலி. சங்கிலியை எப்படி வெட்டினார்கள் என்று கேட்பார்கள்: வளையங்களைத் தனித்தனியே செய்து கோத்ததில்லை, ஒரே கல்லில் ஒரு வளையத்தை முழுதாக விடுவித்த பின் அடுத்ததற்குப் போகவேண்டும். கடைசி வளையத்தில் உளி தவறினாலும் மொத்தமும் வீண். பேரூருக்கு ‘மேலைச் சிதம்பரம்’ என்றும் பெயர் உண்டு; அது நடராசர் நடனத்தை ஒட்டியது.

பிறவாப்புளி, இறவாப்பனை என்பது வரலாறா?

தலபுராணம். கச்சியப்ப முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்குப் புராணம் பாடினார். பட்டி என்ற பசு, இலிங்கத்தில் கன்றின் குளம்பு பட்ட தழும்பு எல்லாம் அந்த மரபு. புளியங்கொட்டை முளைக்காது, பனை சாகாது என்பதும் பிறவி நீக்கத்தைச் சொல்லும் குறி. கல்வெட்டோடு போட்டுக் குழப்பாமல் தனியாகப் படித்தால் இரண்டுக்கும் மரியாதை.

நாற்று நடவுத் திருவிழாவையும் இங்கே சொல்லிவிடலாம். ஆனியில் நடப்பது. சுந்தரர் வந்தபோது இறைவனும் அம்மையும் பள்ளன், பள்ளியாக வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது கதை. மலையில் தென்மேற்கு மழை பிடித்து, நொய்யலில் புதுநீர் வரும் மாதம் ஆனி. விழா வைத்தவர்களுக்கு வாய்க்கால் கணக்குத் தெரிந்திருக்கிறது.

மைசூர் ஆட்சி முடிந்த சமயத்தில் பேரூர் எப்படி இருந்தது?

1799-ல் திப்பு வீழ்ந்த மறு ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் என்ற அதிகாரி இந்தப் பக்கம் ஊர் ஊராகப் பயிர், நீர், தறி என்று குறித்துக்கொண்டு வந்தார். பேரூர்க் கோயிலையும் மேலைச் சிதம்பரம் என்ற பெயரோடு குறித்திருக்கிறார். ஆக, அந்தப் பெயர் பிற்கால விளம்பரம் அல்ல.

அப்படியானால் பேரூர் எப்போது பின்தங்கியது?

பின்தங்கியது என்பதைவிட, நகரம் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது என்று சொல்வது பொருத்தம். 1804-ல் கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகரம் ஆனது. கச்சேரி (அரசு அலுவலகம்), நீதிமன்றம், சிறை என்று எல்லாம் அங்கே. 1862-ல் ரயில் போத்தனூர் வழியாகப் போனது. 1873-ல் போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் கிளை. இரண்டும் பேரூரைத் தொடவில்லை. 1866-ல் நகராட்சி. 1888-ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூல் மில். அப்புறம் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு நெடுக மில்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

மில்கள் ஏன் மேற்கே வரவில்லை? மூன்று காரணம். பருத்தி விளைந்த கரிசல் கிழக்கிலும் தெற்கிலும். சரக்கு ஏற்ற ரயிலும் அங்கே. மேற்கே இருந்ததோ நன்செய்; வாய்க்கால் பாசன நெல்வயலை விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை, விலையும் அதிகம். ஒரு காலத்தில் பேரூரைப் பெரிய ஊராக்கிய அதே நீர், மில் காலத்தில் அதை ஊராகவே வைத்திருந்தது. குடிநீர் விஷயத்திலும் மேற்கு கொடுக்கும் பக்கம்: சிறுவாணித் தண்ணீர் மேற்கிலிருந்துதான் குழாயில் நகரத்துக்குப் போனது.

மடமும் தமிழ்க் கல்லூரியும் எந்தக் காலத்தவை?

பேரூரில் உள்ள சாந்தலிங்கர் திருமடம் பழையது. தமிழ்க் கல்லூரி 1953-ல் தொடங்கியது. தமிழில் குடமுழுக்கு, தமிழ் வழிபாடு என்பதைக் கொங்கில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இம்மடத்துச் சாந்தலிங்க இராமசாமி அடிகளார், 2018-ல் மறைந்தார்.

பேரூர் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதா?

1981-ல் கோவை மாநகராட்சியானபோது சிங்காநல்லூர் உள்ளே போனது. 2011 விரிவாக்கத்தில் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர் முதலியவை சேர்ந்தன. பேரூர் அதில் சேரவில்லை, பேரூராட்சியாகவே தொடர்ந்தது. (பேரூர் பேரூராட்சி என்று பலகையில் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பதுண்டு.) பின்னர் பேரூர் பெயரில் ஒரு தாலுகாவும் வந்தது. பழைய நாட்டின் பெயர், அரசுப் பதிவேட்டில் மறுபடி ஒரு வட்டாரத்தின் பெயராயிற்று.

கல்வெட்டைப் படி எடுக்க நாங்களே முயலலாமா?

முதலில் கோயில் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி. மைப்படி (கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) எடுப்பதென்றால் தொல்லியல் துறையினரின் துணையோடு மட்டும். முறை இதுதான்: தேங்காய்நார் அல்லது நைலான் தூரிகையால் தூசி தட்டி, வெறும் தண்ணீரில் கழுவுவது, கம்பித் தூரிகை ஆகாது. தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக் காற்றை வெளியேற்றுவது. தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கியதும், பாதி உலர்ந்த நிலையில் மை ஒற்றியால் மெல்ல ஒற்றுவது. ஈரம் அதிகமானால் மை ஊறி எழுத்தை மூடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பும். காலை வெயில் விழாத பக்கச் சுவரில் தொடங்குவது நல்லது.

உங்களுக்கு வாசிக்க மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு வேண்டாம். மாலை இருட்டியதும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுங்கள். ஒரே வரியை இடமிருந்தும் வலமிருந்தும் வெளிச்சம் கொடுத்து இரண்டு படம். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும்; சுவரின் எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று உடனே எழுதிவையுங்கள். எழுத்து தெரிவதற்காக மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் தடவாதீர்கள். எறும்பும் பாசியும் வந்து கல்லைத் தின்னும். சுண்ணாம்பைவிடப் பெரிய கேடு மணல் வீச்சு. திருப்பணியில் சுவர் பளபளக்கவேண்டும் என்று மணலை வேகத்தில் அடித்த கோயில்களில் எழுத்தின் விளிம்பே போய்விட்டது.

கல்வெட்டில் பிழை போலத் தெரிவதைத் திருத்திப் படிக்காதீர்கள். அந்த எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ஏ, ஓ நெடில் வேறுபாடும் இராது. உள்ளதை உள்ளபடி ஒரு வரி, உங்கள் வாசிப்பு அடுத்த வரி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டு மனை முன்பு வயலா, குளமா, கோயில் நிலமா? எப்படித் தெரிந்துகொள்வது?

தாலுகா அலுவலகத்தில் இப்போதைய சர்வே எண்ணுக்கு ‘அ’ பதிவேடும் (நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) கேளுங்கள். ‘அ’ பதிவேட்டில் நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வகைப்பாடும் பழைய சர்வே எண்ணும் இருக்கும். 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் மாறின. அந்தப் பழைய எண் இல்லாமல் பின்னால் போகமுடியாது. பழைய எண்ணைக் கொண்டு முந்திய செட்டில்மெண்ட் பதிவேட்டைப் பார்க்கலாம். அங்கே ‘இனாம்’ (சேவைக்காகக் கொடுத்த மானிய நிலம்) என்று இருந்தால் 1860-களின் இனாம் பதிவேட்டுக்குப் போகவேண்டும்: யாருக்கு, எந்தச் சேவைக்கு, எத்தனை ஏக்கர் என்று பத்தி பத்தியாக இருக்கும். மாவட்ட ஆவண அறையில் கிடைக்காதது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் நிலம் சுத்தம் என்று நினைப்பது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும். நீர்நிலைப் புறம்போக்கா, கோயில் சொத்தா என்று சொல்லாது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையர் ஒப்புதல் இல்லாமல் விற்கமுடியாது (1959 சட்டம், பிரிவு 34). புலப்படத்தில் உங்கள் மனையை ஒட்டி இரட்டைக் கோடாக ஒன்று போனால், அது தடமா வாய்க்காலா என்று நேரில் போய்ப் பாருங்கள். இன்றைக்குத் தார்ச்சாலையாக இருக்கலாம்; ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியைத்தான் தேடும்.

ஒரே நாளில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

முடியும், ஆடி முதல் கார்த்திகை வரை ஆற்றில் நீர் இருக்கும் நாளாகப் பாருங்கள். காலை ஏழு மணிக்குச் சித்திரைச்சாவடி அணை. வெயில் ஏறுவதற்குள் வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். ஒன்பதரைக்குப் பேரூர்க் கோயில். நடை மதியம் சாத்துவதற்குள் கனகசபையும் சுற்றுச்சுவரும் முடியும். பிற்பகல் பேரூர்ப் பெரியகுளம், நாலு மணிக்கு மேல் சாய்வெயிலில் பெருவழிக் கல்வெட்டு. உச்சிவெயிலில் போனால் ஒரு எழுத்தும் தெரியாது. ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் மட்டும் வேண்டாம். அன்று படித்துறையில் திதி கொடுக்கவும் முளைப்பாரி விடவும் வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.